மணிக்கு முன்னால் ஒரு கொண்டை

ஜவ்வாது மலையின் உயரத்தை அளந்த சர்க்கார் ஆசாமிகள் கொண்டையாரைக் கணக்கில் சேர்க்காமல் போய்விட்டார்கள் என்பது என் துணிபு. அவர் உச்சியில் ஏறி நின்றால், தலையிலிருக்கும் கொண்டையால் மலை இன்னும் ஒரு முழம் உயரும்.

அடிவாரத்துச் சந்தனக்கட்டைக் கிடங்கில் அவர் கட்டை செதுக்குபவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் அங்கே குமாஸ்தா. படிப்புக்கு மரியாதையாக மணியடிக்கும் பொறுப்பையும் எனக்கே கொடுத்திருந்தார்கள். மணி அடித்தால்தான் கூலி ஓடும். காவல்கார சாயபு வாசலில் ஒவ்வொருவரையும் தடவி, நெருப்புப்பெட்டி இல்லையென்று கண்ட பிறகுதான் மணி. அதுவரை நின்றது யார் கணக்கிலும் கிடையாது. அதையும் சாயங்காலம் ஈடுகட்டிவிட்டு, இருட்டில் கரடிக்குப் பயந்து மலைமேலிருக்கும் வீட்டுக்கு ஏற வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் பிடித்தது அந்தக் கொண்டைதான். சாயபு வெடுக்கென்று பிரித்து உதறுவார்.

"தேடுறதுக்கு உனுக்குக் கூலி உண்டா, சாயபு?"

"உண்டு."

"அப்ப கையத் தூக்கினு நிக்கிற எனுக்கு இன்னாத்துக்கு இல்ல? நான் இன்னா வேடிக்க பாக்கவா வந்தேன்?"

"பேசாம நில்லுய்யா! உன் பேனெல்லாம் என் கையில ஏறுது!"

மறுநாள் கொண்டையார் வேட்டியை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, கோவணத்தோடு வந்து நின்றார். "பாத்துக்கோ. சீக்கிரம் வுடு." சாயபு வேட்டியை உதறினார், கொண்டையையும் பிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை, சாமிக்கு நேர்ந்தும் கொடுக்காத அந்தக் கொண்டையைக் காணோம். மீசையும் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசை முழுவதும் மொட்டை!

அன்றைக்கென்று பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். வரிசையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யாரப்பா தவறிப்போனது?"

கொண்டையார் கைகூப்பினார். "எங்க காலப்பொழுதுங்க. இந்த வாசலாண்ட தெனம் சாவுதுங்க. இன்னிக்குத்தான் மொட்ட போட முடிஞ்சுதுங்க."

மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அதிகாரியோ, கடைசி ஆளைத் தடவி முடிக்கும்வரை அந்த வெயிலிலேயே நின்றார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நாளையிலிருந்து முதலில் மணியை அடி" என்றார்.

மறுநாள் மணியடித்ததும் கொண்டையார் ராஜாவைப்போல் கையைத் தூக்கினார்.

"நெதானமா தேடு, சாயபு. இன்னா அவசரம்?"

கொண்டை பழையபடி வளரவேயில்லை; வயதாகிவிட்டது. பெயர் மட்டும் நின்றது. வழுக்கையில் எதை ஒளிக்க முடியும்? ஆனாலும் சாயபு தினமும் அந்தத் தலையில் கைவைப்பார். தேடுவதாகத் தெரியாது, தடவிக்கொடுப்பதுபோலத்தான் இருக்கும்.