சீனியவரைக்காய்க்கு ஒரு கிலோ கல்லுப்பு

இதில் கடைசிக் கொஞ்சத்தைத் தவிர எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஷிப்பிங் ஆபீசில் பக்கத்து மேஜை டிக்சன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்னவர் கிளைட்டன் அண்ணன், அதாவது தோற்றுப்போனவரே. தோற்றவர் தன் வாயால் சொன்ன கதையில் பொய் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். ஆபீசில் அவர் எனக்கு அண்ணன். கதைக்குள் மட்டும் 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன். கோபிக்க மாட்டார்.

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் கிளைட்டன் ஒரு தீர்மானத்தோடு எழுந்தான். இன்று சாயங்காலம், தூத்துக்குடியில் இதுவரை யாரும் வைத்திராத அளவுக்கு மோசமான ஒரு பொரியல் வைப்பது.

காரணம் இருந்தது. அவன் மனைவி அனிஷா ஊரில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். அங்கே புது மெஷின் வரப்போகிறது. அதைப் பழகிக்கொண்டு வர ஒருத்தரைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஐந்து வாரம். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள் தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் முடியும். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஐந்து நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை.

செய்தி வந்த அன்றைக்குக் கிளைட்டன் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தான். "போயிட்டு வாளா, நான் இருக்கேன்லா" என்று அவளிடமும் சொன்னான். வாய் தாராளமாகத்தான் இருந்தது. மனசுதான் கிளியரன்ஸ் கிடைக்காத கப்பல் மாதிரி நங்கூரத்தைத் தூக்க மறுத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் பேசிக்கொண்டே தட்டு கழுவும் சத்தம் இல்லாத ஒரு வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்துப் பார்த்த அன்றைக்கு ஆபீசில் ஒரே கன்டெய்னருக்கு இரண்டு தடவை நம்பர் போட்டான்.

நல்லவேளையாக, அந்த வாரத் திங்கட்கிழமை அனிஷாவே ஒரு வழி திறந்துவிட்டாள். தான் இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள்.

"மீன் கொழம்பு ஒங்களுக்கு என்னைய விட நல்லா வரும். ஆனா தவக்காலம் முடியுத வரைக்கும் நம்ம வீட்டுல மீன் ஏறாது. ஒரு காய் வதக்கத் தெரியாத ஆளை எப்படி விட்டுட்டுப் போவ? வெள்ளிக்கெழம சீனியவரைக்கா பொரியல் வச்சுக் காட்டுங்க. வாயில வைக்கிற மாதிரி இருந்தா போறேன். இல்லன்னா இங்கனயே இருக்கேன்."

கிளைட்டனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுநாள் டிக்சன் அண்ணனிடம் யோசனை கேட்டான். டிக்சன் அண்ணனுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பெண்டாட்டியிடம் ஜெயித்த நாள் ஒன்றும் கணக்கில் இல்லை, ஆனால் யோசனைக்குக் குறைச்சல் இல்லை. கரிய விடாதே, வேண்டுமென்றே செய்தது தெரிந்துவிடும் என்றார். காரம் போடாதே, அவள் தாங்கிக்கொள்வாள். "உப்பு போதும்ல. உப்புக் கூடிப்போனா 'தெரியாம விழுந்துட்டு'ன்னு சொல்லிக்கிடலாம். பாவமாவும் இருக்கும்."

வீட்டு உப்பு ஜாடியிலிருந்து எடுத்தால் அளவு குறைந்தது தெரிந்துவிடும். அதனால் வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது வீரபாகு அண்ணாச்சி கடையில் ஒரு கிலோ கல்லுப்பு வாங்கினான். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊரில் கல்லுப்பை யாரும் கிலோக் கணக்கில் கடையில் வாங்குவதில்லை. உப்பளத்தில் வேலை பார்க்கிற யாராவது ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அப்படியே வாங்கினாலும் அது கருவாடு போடுவதற்காக இருக்கும். தவக்காலத்தில், அதுவும் அவர்கள் தெருவில், யார் கருவாடு போடுவார்கள்? அண்ணாச்சி அவனை ஒரு தடவையும் பொட்டலத்தை ஒரு தடவையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை நல்ல சகுனம் என்று கிளைட்டன் எடுத்துக்கொண்டான். பொட்டலத்தைக் கொண்டுவந்து ஷூ வைக்கிற அலமாரியில் ஒளித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனிஷா கஞ்சியை வைத்து இறக்கி மூடிவிட்டு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோயிலுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, தேங்காய் துருவி வைத்திருக்கிறது, கறிவேப்பிலை கழுவி வைத்திருக்கிறது, அடுப்பைச் சின்னதாக வைக்கவேண்டும் என்று மூன்று விஷயம் சொன்னாள். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிளைட்டன் அரைக் கிலோ சீனியவரைக்காயை, வெளியூரில் கொத்தவரங்காய் என்பார்களே அதை, முறத்தில் கொட்டிப் பார்த்தான். மீன் என்றால் அவனுக்குக் கண் போதும். செவுளைத் தூக்கிப் பார்த்து, எந்த நேரத்தில் கரை ஏறியது என்று சொல்லிவிடுவான். இதற்குச் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. எல்லாம் ஒரே முகம். பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றுக்கும் தலையையும் வாலையும் நறுக்கினான். நார் கையோடு வந்தபோது, முள்ளை எடுத்துவிட்டோம் என்று ஒரு திருப்தி. நாற்பது நிமிஷத்தில் காய் பொடிப்பொடியாக, ஒரே அளவாக விழுந்திருந்தது. கெடுக்கப்போகிற காயை எதற்கு இவ்வளவு அழகாக நறுக்கினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

காயை அளவு தண்ணீரில் வேகவிட்டான். வாணலியில் கடுகு வெடித்தது, உளுந்தம்பருப்பு சிவந்தது, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, சின்ன உள்ளி. வாசனை எழும்பியதும் கிளைட்டன் பயந்துபோனான். நன்றாக வந்துகொண்டிருந்தது. வெந்த காயைக் கொட்டிப் புரட்டினான். இன்னும் நன்றாக வந்தது. இனி தாமதிக்கக்கூடாது என்று ஷூ அலமாரிக்கு ஓடினான்.

முதல் கைப்பிடி விழுந்தது. கருவாட்டுக்குப் போடுகிற கை, தாராளமான கை. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது கைப்பிடி அந்தரத்தில் நிற்கும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது, இன்றைக்கு அனிஷா ஒருசந்தி. காலையிலிருந்து வெறும் தண்ணீர்தான். இந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத்தான் கோயிலிலிருந்து நடந்து வருவாள்.

கை அப்படியே நின்றது. மூன்றாவது கைப்பிடியைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டான். போட்ட இரண்டையும் கரண்டியால் அள்ளப் பார்த்தான். கல்லுப்பு அதற்குள் கரைந்து, காயோடு உறவாகிவிட்டது. தேங்காய்த்துருவல் முழுவதையும் கொட்டினான். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். முள்ளக்காட்டு உப்பளத்தில் குப்புற விழுந்த மாதிரி இருந்தது. வேறு காய் வாங்கி வரலாம் என்று சட்டையை மாட்டினான். ஒரு பித்தானைப் போட்டபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அனிஷா கைகால் கழுவிவந்து உட்கார்ந்தாள். இரண்டு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். நடுவில் பொரியல், பச்சைப்பசேலென்று, மேலே தேங்காய் வெள்ளையாக. பார்க்க அவ்வளவு லட்சணம். சிலுவை போட்டுக்கொண்டாள். கிளைட்டனும் போட்டுக்கொண்டான். அவன் வேண்டிக்கொண்டது வேறு.

இரண்டு விரலால் ஒரு துளி பொரியலைக் கிள்ளி வாயில் போட்டாள். ஒரு வாய் கஞ்சி குடித்தாள். மறுபடி ஒரு கிள்ளு, மறுபடி கஞ்சி. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"நல்லாருக்கு" என்றாள்.

"ஏளா, உப்பு?" என்றான் கிளைட்டன்.

"கஞ்சிக்குச் சரியா இருக்கு. நீங்களும் குடிங்க."

அவன் குடித்தான். வெறும் கஞ்சி நாக்கில் பட்டதும் விழித்தான். "கஞ்சியில உப்பே இல்லையே."

"ஒங்க பொரியலுக்கு எடம் விட்டு வச்சேன்."

அவள் நிதானமாகச் சொன்னாள். மத்தியானம் தேங்காய் வாங்கப் போனபோது வீரபாகு அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "தவசு காலத்துல ஒங்க வீட்டுல கருவாடு போடுதியளாம்மான்னு கேட்டாவ. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்து தேடுனேன். ஷூ அலமாரியில பொட்டலம் இருந்துது. புரிஞ்சிட்டு."

கிளைட்டன் குனிந்து கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாமல் விழுந்துவிட்டது என்று சொல்லச் சொல்லியிருந்தார் டிக்சன் அண்ணன். அது வாயில் வரவில்லை. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது என்று மட்டும் சொன்னான். அதையும் கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"தெரியும்" என்றாள் அனிஷா. "போவாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னுருப்பேன். அது ஒங்களுக்கும் தெரியும். அதான் சொல்லல. உப்பை அள்ளிப் போட்டிய."

அவன் நிமிர்ந்தான்.

"இப்ப கேக்கேன். போவட்டா, வேண்டாமா? நீங்க சொல்லுததுதான்."

ஐந்து வாரமும் அவன் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவள் விரல் நுனியில் ஒரு துண்டு சீனியவரைக்காய் இருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவள், அவன் போட்ட உப்பை முகம் சுளிக்காமல் தின்றுகொண்டிருந்தாள்.

"போயிட்டு வா" என்றான் கிளைட்டன். இந்தத் தடவை வாயும் மனசும் ஒரே நேரத்தில் சொன்னது.

"அப்ப சரி. நீங்க சொல்லுதிய, போறேன்" என்று அவள் இன்னொரு கிள்ளு எடுத்தாள். "அடுத்த தடவை அரை ஸ்பூன் போதும். மத்தபடி கை நல்ல கை. என்னைய விடப் பொடிசா நறுக்கியிருக்கிய."

மறுநாள் சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரசில் அவளை ஏற்றிவிட்டு வந்தான். அந்த வாரம் முழுக்க ஆபீசில் தலை நிமிர்ந்து நடந்தான். நான்தான் அனுப்பி வைத்தேன், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னான். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் தினம் ஒரு பொரியல். உப்பு சரியாக இருந்தது என்று டிக்சன் அண்ணன் சாட்சி சொல்கிறார்.

இதுவரை கேட்டது. இனி நானே பார்த்தது.

அனிஷா அக்கா போன பிறகு வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை கிளைட்டன் அண்ணன் என் மேஜைக்கு வந்து, சனிக்கிழமை தன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அனிஷா அக்கா டிக்கெட் அனுப்பியிருந்தார். ஒன்று விட்டு ஒரு வாரம், போக இரண்டு, வர இரண்டு, நாலும் அண்ணன் பெயரில். எல்லாம் கீழ்ப் படுக்கை. சந்தோஷத்தில் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எதையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு. அதே பக்கத்தில் முதலாவதாக அனிஷா அக்காவின் டிக்கெட்டும் இருந்தது. ஐந்திலும் முன்பதிவு செய்த நாள் ஒன்றுதான். காலண்டரை எடுத்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். பொரியல் வைத்த வெள்ளிக்கிழமைக்குச் சரியாகப் பதினொரு நாள் முன்பு.