துக்கடா இருக்கும் அறை

"அசையாம நில்லுடா, என் மானத்தை வாங்காதே," என்று கிசுகிசுத்தார் எடைக்காரர்.

எடைமேடையில் நின்ற துக்கடா அசையவே இல்லை. அசைவதற்கு உடம்பு என்று ஒன்று வேண்டாமா? அவனோடு ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பிகள் பீரோ அளவுக்கு வளர்ந்து நிற்க, இவன் மட்டும் பீரோ மேல் வைக்கும் பெட்டி அளவிலேயே நின்றுவிட்டான். இருபத்தெட்டு கிலோ. போன வாரமும் அதே இருபத்தெட்டுதான்.

அந்தப் பன்றிப் பண்ணையில் சட்டம் ஒன்றே ஒன்று. வளராத பன்றியின் முதுகில் டாக்டரம்மா சிவப்பு மை பூசுவார். சனிக்கிழமை லாரி வரும். சிவப்பு முதுகுக்காரர்கள் ஏறுவார்கள். ஏறியவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து பயணம் சௌகரியமாக இருந்ததா என்று சொன்னதில்லை.

எடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவரும் வளராதவர். வேலையில் சேர்ந்த அன்று எடைக்காரர், தலை நரைத்த பிறகும் எடைக்காரர். அவரோடு ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்ட சின்னப் பயல்கள் எல்லாம் இன்று கொட்டகைக்கு ஒருவராக மேற்பார்வையாளர் ஆகி, வண்டியும் தொந்தியும் வாங்கிவிட்டார்கள். இவரையோ வருஷத்துக்கு ஒரு கொட்டகை என்று பந்தாடினார்கள். ஆறு கொட்டகையும் சுற்றி முடித்து இப்போது இரண்டாவது சுற்று, மூன்றாம் கொட்டகை. துக்கடா லாரி ஏறினால் அடுத்த சிவப்பு மை தன் முதுகுக்குத்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"ஒரு பன்னிக்குப் போய் இப்படி உருகுறீங்களே," என்று முதல் நாள்தான் மனைவி சிரித்திருந்தாள். "என்னைப் பாருங்க. உங்களைக் கட்டிக்கிட்டு வந்தப்போ கொடியில காயப்போட்ட துணி மாதிரி இருந்தேன். இப்போ ரெண்டு கதவையும் திறந்தாத்தான் வெளியே வர முடியுது. உங்க தம்பி தேறிட்டாரு, வாசல்ல படுக்குற நாய்கூடத் தேறிடுச்சு. நீங்க மட்டும்தான் அப்படியே இருக்கீங்க!"

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் தேறாத கேஸு."

தேறாத கேஸு இன்னொரு தேறாத கேஸுக்குக் கை கொடுக்காவிட்டால் எப்படி? எடைக்காரர் கை கொடுக்கவில்லை, முழங்காலைக் கொடுத்தார். மேடையின் ஓரத்தில் பூப்போல வைத்து அழுத்தினார். முப்பது. இன்னும் கொஞ்சம். முப்பத்தைந்து. இனிப் பச்சைப் பொத்தானைத் தட்டினால் எடை நேரே டாக்டரம்மாவின் கணினிக்குப் போய்விடும்.

ஆனால் துக்கடாவுக்கு ஒரு பழக்கம். பக்கத்தில் யார் இருந்தாலும் சாய்ந்துகொள்வான். முழங்காலைப் பார்த்ததும் பாசம் பொங்கிச் சாய்ந்தான். எடைக்காரர் வழுக்கி மேடையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பிடிமானம் தேடிய கைக்குக் கிடைத்தது பச்சைப் பொத்தான்.

எண்பத்தொன்று.

மூச்சு வாங்குவதற்குள் போன் அலறியது.

"ஐயா! ஒரே வாரத்துல ஐம்பத்து மூணு கிலோ ஏறியிருக்கு! உலகத்துலயே இப்படி ஒரு பன்னி கிடையாது. எங்கேயும் விட்டுடாதீங்க, இதோ வர்றேன்!"

எடைக்காரர் துக்கடாவை அள்ளிப் பக்கத்து அறைக்குள் இறக்கிவிட்டு, அங்கிருந்த ஒரு தடியனைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பக்கத்து அறை சாதாரண அறை இல்லை. பண்ணையின் பெருமையான 'பயில்வான்' என்ற ஆண்பன்றியின் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். அவர்கள் வீட்டில் சாப்பாடு என்றால் ஊர் எல்லை வரை கேட்கும். தொட்டியில் தலை வைத்தவனின் காதை ஒருவன் கடிப்பான், கடித்தவனின் வாலை இன்னொருவன் கடிப்பான். முழு வாலோடு திரிந்தவன் அங்கே ஒருவனும் இல்லை.

டாக்டரம்மா வந்து தடியனைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "காதுல நம்பர் வளையம் எங்கே?"

"விளையாட்டுல கழண்டு விழுந்துடுச்சு, டாக்டரம்மா."

"வாலு?"

"அதுவும் விளையாட்டுலதான்."

அவர் நம்பிப் போய்விட்டார். எடைக்காரருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த வாரமே போய்விட்டது. துக்கடா இருந்த பழைய அறையில் உள்நாட்டுப் போர். தீவனத் தொட்டி ஒரு மூலையில், மூடி இன்னொரு மூலையில், ஒருவனும் கால் கிலோகூட ஏறவில்லை. பக்கத்து அறையிலோ மயான அமைதி. பயில்வானின் பிள்ளைகள் வரிசையாக நின்று சாப்பிட்டுவிட்டு, கல்யாண வீட்டில் ஜமக்காளத்தில் சாய்ந்த சம்பந்திகள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் கிடந்து குறட்டை விட்டார்கள். குவியலின் நடுவில் துக்கடா.

"ஐயையோ, ரவுடிப் பசங்களுக்கு என்னமோ காய்ச்சல்!" என்று பதறிய எடைக்காரர், ஒவ்வொருவன் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. துக்கடாவிடமிருந்துதான் ஏதோ தொற்றிவிட்டது என்று பயந்து அவனைப் பழைய அறைக்கே கொண்டுவந்தார். அடுத்த வாரம் பழைய அறை கொழுத்தது, பக்கத்து அறையில் ரத்தக்களரி. மறுபடி மாற்றினார். மறுபடி தலைகீழ்.

"இந்தக் கொட்டகையில எடை ஊஞ்சலாடுதே!" என்று டாக்டரம்மா தீவனத்தை மாற்றினார், தண்ணீர்க் குழாயை மாற்றினார், மின்விசிறியைக்கூட மாற்றினார். எதற்கும் எடை மசியவில்லை. கடைசியில் அறை அறையாக நேரிலேயே பார்க்க வந்தவர், குறட்டைக் குவியலுக்குள்ளிருந்து துக்கடாவை உருவி எடுத்தார். காது வளையத்தின் நம்பரைக்கூடப் பார்க்கவில்லை.

"இது பன்னியா, சாவிக்கொத்துல மாட்டுற பொம்மையா? நாளைக்கு லாரியில ஏத்திடுங்க."

முதுகில் ஒரு கோடு. பளீரென்ற சிவப்பு.

அவர் தலை மறைந்ததும் எடைக்காரர் எண்ணெய்ப் பாட்டிலும் பழைய துணியுமாக உட்கார்ந்தார். தேய்த்தார். கோடு போகவில்லை, பரவியது. இன்னும் தேய்த்தார். துக்கடா முழுக்கச் சிவந்து, புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு நின்றான். "போதும்டா, காயட்டும்," என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை லாரி டிரைவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் வைத்த டீயை அப்படியே துப்பினார்.

"அண்ணே! அறை பூராவும் சிவப்பா இருக்கே! இத்தனையையும் ஏத்தணும்னா ஒரு லாரி பத்தாதே!"

துக்கடா சாய்ந்திருக்கிறான். அவன் சாய்ந்தவர்கள் எல்லாம் சிவந்து, அவர்கள் சாய்ந்தவர்களும் சிவந்து, சுவரும் தொட்டியும் சிவந்து, ஒரு காக்கைகூட லேசாகச் சிவந்துபோய் உத்தரத்தில் உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா வந்தார். பார்த்தார். "ஐயா," என்றார் மெதுவாக. "உண்மையைச் சொல்லுங்க."

எடைக்காரர் சொன்னார். முழங்காலில் ஆரம்பித்து எண்ணெய்ப் பாட்டில் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, துக்கடாவை இடுப்பில் அணைத்துக்கொண்டார். "என்னை வேணும்னா வேலையை விட்டு அனுப்பிடுங்க. இவனை மட்டும் ஏத்தாதீங்க. வளராதது ஒரு குத்தமா, டாக்டரம்மா?"

"இருங்க, இருங்க. இவன் எந்த வாரம் எந்த அறையில இருந்தான்?"

எடைக்காரர் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா போனில் எடைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்த வாளியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"நான் ஒரு முட்டாள், ஐயா. பெருசா வளர்றவனா பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினேன். பயில்வானோட பிள்ளைங்க வளருது, சரி. பக்கத்துல இருக்கிறவனை முட்டித் தள்ளித்தான் வளருது. அந்தக் குணமும் ரத்தத்துலயே வருது. முட்டுறவங்களையே ஒரே அறையில போட்டா எவன் வளருவான்? ஒரு பன்னியோட எடை அதோட ரத்தத்துல மட்டும் இல்லை, பக்கத்துல நிக்கிறவனோட ரத்தத்துலயும் இருக்கு. இவன் அம்மாவும் இப்படித்தான், பரம சாது. இவன் வளர மாட்டான். ஆனா இவன் இருக்கிற அறையில மத்தவங்க எல்லாம் வளருவாங்க!"

"அப்போ லாரி?"

"லாரியா? இவனை யாராவது தொட்டுப் பார்க்கட்டும்! இவன் அம்மாவோட வழியிலதான் இனிமே குட்டிகளே எடுக்கப்போறேன்."

எடைக்காரர் அழுத அழுகையில் துக்கடாவின் முதுகில் கொஞ்சம் மை கரைந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு அரை மணி நேரம்தான் ஆயுள். முதலாளியம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். வாசலில் இரண்டாம் கொட்டகை மேற்பார்வையாளர் வீங்கிய கன்னத்தோடு முறைத்தார். நான்காம் கொட்டகை மேற்பார்வையாளர் சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லாமல், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். மூன்றாம் கொட்டகைக்காரர் இவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவர் போலக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதலாளியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னையிலேர்ந்து நீங்க நாலாம் கொட்டகை. சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

ஆக, கடைசியில் அந்த லாரியில் ஏறியது எடைக்காரர்தான். ஒரு தகரப் பெட்டி, ஒரு டம்ளர், மூன்று காலில் நிற்கும் ஒரு நாற்காலி. துக்கடா கம்பி வழியாக மூக்கை நீட்டி வழியனுப்பினான்.

"நல்லா இருடா," என்று அந்த மூக்கைத் தடவிவிட்டு, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது.

"பார்த்தியா தம்பி," என்றார் எடைக்காரர். "ஒரு பன்னிக்குக்கூட இங்க ஒரு மரியாதை கிடைச்சுடுச்சு. என்னை ஒரு கொட்டகைக்காரனும் ஒரு வருஷத்துக்கு மேல வச்சுக்க மாட்டேங்கிறான்."

டிரைவர் பிரேக்கை மிதித்து, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வச்சுக்க மாட்டேங்கிறாங்களா? அண்ணே, உங்களை எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு வருஷா வருஷம் ஆறு பேரும் சட்டையைப் பிடிச்சு உருள்றாங்க, முதலாளியம்மாதான் 'ஆளுக்கு ஒரு வருஷம்'னு முறை வச்சு விலக்கிவிட்டாங்க!"