விண்ணொலிச் சித்தரின் எதிரொலி

செத்தவர்களோடு பேச வேண்டுமா? திண்டிவனத்துக்கு வெளியே உள்ள அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் பேசவே சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், விண்ணொலிச் சித்தர் மேலுலகத்தோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தார். சாதனைதான்! செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டம் அலைமோதும். திருவக்கரை அம்மனைக் கும்பிட்ட கையோடு வேன் வேனாக வந்து இறங்குவார்கள். டோக்கனுக்கு அழைக்க வேண்டிய செல் நம்பர் வாசல் பலகையில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

விழுப்புரத்து வெள்ளையம்மாளுக்கு இது மூன்றாவது செவ்வாய். இறந்துபோன கணவர் சுப்பராயலு மேலிருந்து பேசி, நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையைச் சித்தரின் அறக்கட்டளைக்கு எழுதிவைக்கச் சொல்லிவிட்டார். உயிரோடு இருந்தவரை ஒரு சாண் வரப்புக்காகப் பங்காளியோடு மல்லுக்கு நின்ற மனிதர், செத்ததும் வள்ளலாகிவிட்டார். நாளைக்குப் பத்திரப் பதிவு. கொல்லை போனால் அம்மா கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் மகள் இளவரசியும் கூடவே வந்தாள்.

இளவரசி வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, சத்தம் சுவரில் மோதித் திரும்பாதபடி நாலு பக்கமும் போர்வை கட்டிக்கொண்டு பாடுவாள். பிறகு கம்ப்யூட்டரில் எதிரொலியைச் சேர்ப்பாள். கொஞ்சம் சேர்த்தால் கல்யாணக்கூடம். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் கோயில் மண்டபம். எந்தக் கோயிலில் பாடினாய் என்று விசாரிக்காத ஆளே இல்லை.

கொட்டகைக்குள் சுவர் தெரியாமல் கனமான காவித் திரைகள். சித்தர் "ஓம்" என்றார். அதைத் திரைகள் அங்கேயே விழுங்கிவிட்டன. விளக்கு அணைந்தது.

"வெள்ளையம்மா... அம்மா... அம்மா..." என்று இருட்டுக்குள் சுப்பராயலு மேலிருந்து கூப்பிட்டார்.

வெள்ளையம்மாள் உடைந்து அழுதாள். "என்னாங்க, இன்னும் தொண்ட கட்டிக்கினு இருக்குதே?"

"மேல பனி ஜாஸ்தி தாயி," என்றார் சித்தர். மேலுலகத்தில் அத்தனை பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொண்டை.

"சாமி, ஒரு சந்தேகமுங்க," என்றாள் இளவரசி. "நீங்க பேசினா எதிரொலி இல்ல. எங்கப்பா பேசினா மட்டும் எப்படிங்க வருது?"

"சொர்க்கம் விசாலமானது மகளே!"

"கம்முனு இருடி! அப்பா பேசிக்கினு இருக்காரு," என்று அம்மா அதட்டினாள்.

இளவரசி கம்மென்றுதான் இருந்தாள். செல்போனை எடுத்து டோக்கன் நம்பரை மட்டும் அழுத்தினாள்.

சொர்க்கத்தில் போன் அடித்தது. குத்துப்பாட்டு ரிங்டோன், விசாலமான எதிரொலியோடு. ஒரு டோக்கன்கூடத் தவறிவிடக் கூடாது என்று சத்தத்தை முழுசாக வைத்திருந்தார்கள். கைப்பழக்கம் லேசில் விடுமா? சுப்பராயலுவின் குரலே போனை எடுத்தது.

"அலோ, டோக்கனா? அடுத்த செவ்வாதான் இருக்குது... குது... குது..."

இளவரசி எழுந்து போய்த் திரையை விலக்கினாள். மைக்கும் கையுமாகச் சித்தரின் டிரைவர் பச்சைமுத்து. பக்கத்தில் எதிரொலி கூட்டுகிற சின்னப் பெட்டி. அதன் குமிழைக் கடைசி வரைக்கும் குறைத்தாள்.

"இப்ப எங்கம்மாவக் கூப்பிடுண்ணே, பார்க்கலாம்."

"வெள்ள...யம்மா," என்றான். மண்டபம் போச்சு, சொர்க்கம் போச்சு. மூக்கடைத்த ஒரு ஆள் மட்டும் மிச்சம். "இன்னிக்கு கிரகம் சரியில்ல," என்று சித்தர் பின்வாசலைப் பார்த்து நகர்ந்தார்.

வெள்ளையம்மாள் பச்சைமுத்துவின் சட்டையைப் பிடித்தாள். "மூணு வாரமா உங்கிட்டயாடா அழுதுக்கினு இருந்தேன்? என் புருசன்னு நெனச்சி, பெத்த பொண்ணுகிட்ட சொல்லாததகூட சொன்னேனேடா, பாவி!"

கொல்லை தப்பியது. அந்த அவமானம் தப்பவில்லை. இளவரசி அம்மாவை அணைத்தபடி வெளியே கூட்டி வந்தாள்.

வெளியே வரிசையில் நின்ற பாண்டுரங்கன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தத் திருட்டுப்பய போனா போறான். வேற நல்ல சித்தர் யாருன்னா இருந்தா சொல்லும்மா."

"தலையில அடிச்சிக்கிறீங்களே, அதுக்குள்ளயே ஒருத்தர் டோக்கன் இல்லாம குந்திக்கினு இருக்காரு," என்றாள் இளவரசி. "அவர ஒரு தடவையாவது கேட்டுப் பாருங்க."