அப்பாவின் எழுநூற்று முப்பத்தொரு செங்கல்

"படிவத்துல பதினேழாவது கேள்விக்கு நீ என்னன்னு எழுதின?" என்று கேட்டாள் க்வென். அவள் கையில் அன்று காலை தபாலில் வந்த கடிதம் இருந்தது.

நெவில் ஸ்கோல்ஃபீல்ட் அப்போது தன் சீஸ் சாண்ட்விச்சை நான்கு சரிசமமான முக்கோணங்களாக வெட்டிக்கொண்டிருந்தான். பாதி வேலையில் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. நான்காவது முக்கோணமும் தட்டில் உட்கார்ந்த பிறகு நிமிர்ந்தான்.

"இல்லைன்னு எழுதினேன்."

"'குடும்பத்துப் பெரியவர்களில் யாருக்காவது ஏதேனும் ஒரு பொருளின் மீது அளவுக்கு மீறிய ஈடுபாடு உண்டா?' அதுக்கு இல்லையா?"

"இல்லை."

"உங்கப்பா வீட்டுல எழுநூறு செங்கல் இருக்கு, நெவில்."

"எழுநூத்தி முப்பத்தொண்ணு."

க்வென் கடிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர்களுடைய மகள் டில்டாவுக்கு ஒன்பது வயது. பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவாள். ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஓடும் அத்தனை பஸ்களின் நேரமும் அவளுக்கு மனப்பாடம். ஆட்டிசமாக இருக்கலாம் என்று பள்ளியில் சொல்லி, பரிசோதனைக்கு எழுதிப் போட்டு, வரிசையில் காத்திருந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆட்டிசம் என்று சான்றிதழ் வந்தால்தான் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார ஓர் உதவியாளரைக் கொடுப்பார்கள். படிவத்தில் பொய் இருப்பது தெரிந்தால் கோப்பு திரும்பிவிடும். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: டில்டா தினமும் மாலையில் தாத்தா வீட்டில் இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே பரிசோதனை செய்யும் மிஸ் கார்ஸ்டேர்ஸ் வரும் வியாழன் மூன்று மணிக்கு அந்த வீட்டுக்கே வந்து, தாத்தாவோடும் பேச விரும்புகிறார்.

"ஏன் அப்படி எழுதின?" என்றாள் க்வென். கோபம் குறைந்து இப்போது அவள் குரலில் அலுப்புதான் இருந்தது.

"எழுபத்தொன்பது வயசு ஆகுது. இப்பப் போய் யாரோ ஒருத்தி அவர் நெத்தியில ஒரு சீட்டு ஒட்டணுமா? பாவம், அவருக்கு அந்தச் செங்கல்லை விட்டா என்ன இருக்கு?"

அதை நெவில் மனதாரத்தான் சொன்னான். அப்பா என்றால் அவனுக்கு உயிர்.

கிளிஃபோர்ட் ஸ்கோல்ஃபீல்ட் முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். போன இடத்திலெல்லாம் பழைய சூளைகளைத் தேடி, சூளையின் பெயர் அச்சடித்த செங்கல் ஒன்றைக் கொண்டுவந்துவிடுவார். முன்னறையில் மூன்று சுவர், மாடிப்படியின் இடப்பக்கம், குளியல் தொட்டியின் விளிம்பு, படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி என்று வீடு முழுக்கச் செங்கல். வீட்டு வாசலிலிருந்து சூளை இருந்த தூரம் எவ்வளவோ, அந்தக் கணக்கில் வரிசை. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நெவில் வந்து எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, பன்னிரண்டுக்குக் கிளம்புவான். எண்ணாவிட்டால் அப்பாவுக்கு வாரம் முழுக்க மனசு சரியிருக்காது. க்வென்னிடம் இதை இருபது வருடமாகச் சொல்லிவருகிறான்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அப்பா வீட்டுக்குப் போனான்.

"அப்பா, வியாழக்கிழமை வரைக்கும் செங்கல்லை வேற இடத்துல வைக்கணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும், எனக்குத் தெரியும்."

கிளிஃபோர்ட் செய்தித்தாளை இறக்கினார். "வைப்பா."

"எல்லாத்தையும்."

"வையேன். உனக்குப் பரவாயில்லையா?"

நெவில் உருகிப்போனான். இந்த நேரத்திலும் மனுஷன் மகனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். உதவி செய்ய எழுந்தவர் ஒரு செங்கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டு, "சனியன்," என்றார். செங்கல்லை அப்பா செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

தன் வீட்டு கார் ஷெட்டில் கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். காரில் ஒரு நடைக்கு அறுபது செங்கல். இரண்டு நடை ஒழுங்காகப் போனது. மூன்றாவது நடையில் பின்பக்க ஸ்பிரிங் முறிந்து, கார் நடுத்தெருவில் பின்னம்பக்கம் குந்திக்கொண்டது. அந்த அறுபதும் வீட்டுக்கே திரும்பின. ஷெட்டுக்குப் போன நூற்றிருபதை அப்படியே விட்டுவைக்கலாம் என்றாள் க்வென். "பாதி இங்க, பாதி அங்கயா? அப்பா தூங்கவே மாட்டார்," என்று சொல்லி, ஒரு வேனைப் பிடித்து அவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தான். ஆக, செவ்வாய் மாலை எழுநூற்று முப்பத்தொன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன.

புதன் காலை ஒரு ஸ்கிப்பை வரவழைத்தான். ஸ்கிப் என்பது லாரியில் வந்து இறங்கும் பெரிய இரும்புத் தொட்டி. வீட்டை இடிப்பவர்கள், காலி செய்பவர்கள் குப்பை போட வாடகைக்கு எடுப்பது. அதில் செங்கல்லை அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, வியாழன் மாலை மறுபடி வீட்டுக்குள் ஏற்றிவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் வாசலில் ஸ்கிப் நின்றால் அது தெருவுக்கே பொது என்பது அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததைப் போட்டுவிடலாம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசிச் செங்கல்லை வைத்துவிட்டு நெவில் உள்ளே போய்ச் சாண்ட்விச் சாப்பிட்டான். இருபது நிமிடம். திரும்பி வந்தபோது தார்ப்பாய் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. செங்கல் குறைந்திருந்தது. மேலே ஒரு மெத்தை, ஒரு கழிப்பறைப் பீங்கான், கிறிஸ்துமஸ் மரம் ஒன்று.

ஓர் அட்டையில் 'எடுக்காதீர்கள்' என்று எழுதி மாட்டினான். ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை, போட மட்டும் செய்தார்கள். அரைமணியில் உடற்பயிற்சிக்கான ஓடுபொறி ஒன்றும் இரண்டு சமையலறைக் கதவும் சேர்ந்தன. 'போடாதீர்கள்' என்றும் எழுதினான். உடனே ஒரு பெரியவர் மணியடித்து, "ஏன் தம்பி, நான் போட்ட கதவை இப்ப எடுத்துக்கணுமா, கூடாதா? அட்டையப் பார்த்தா ரெண்டும் கூடாதுன்னு போட்டிருக்கே," என்று நியாயமாகவே கேட்டார்.

நெவில் மெத்தையை நகர்த்திப் பார்த்தான். முப்பத்திரண்டு குறைந்திருந்தது. எவை எவை என்று எழுதிப் பார்க்கவே தேவைப்படவில்லை.

"விடு, போனா போகட்டும்," என்றார் கிளிஃபோர்ட்.

"நீங்க மனசைத் தேத்திக்கறதுக்காகச் சொல்றீங்கப்பா," என்று சொல்லிவிட்டு நெவில் தெருவில் இறங்கினான்.

பதினான்காம் எண் வீட்டு ஹொரேஸ் பிக்கர்ஸ்கில் என்பவர் இருபத்திரண்டு செங்கல்லை எடுத்துப் பூச்செடிக்கு வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்ட் இன்னும் காயவில்லை. கேட்டதும் மறுக்கவில்லை, ஆனால் முதலில் உள்ளே வந்து தன் புல்வெட்டும் இயந்திரங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். மொத்தம் முப்பத்தெட்டு. ஒன்றுகூடப் புல்லைத் தொட்டதில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டியபடியே பேசினார்.

"எங்க பேரனுக்கு என்னமோ ஆட்டிசமாம். எங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா? மருமக பக்கத்துலேருந்து வந்திருக்கும்."

அவர் மனைவி மூரியல் நெவிலைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"கார்ஸ்டேர்ஸ்னு ஒரு பொம்பளை எங்க வீட்டுக்கு நாளைக்குக் காலைல வராளாம், தம்பி. படிவத்துல நான் 'ஒண்ணும் இல்லை'ன்னு எழுதிட்டேன்."

"எங்க வீட்டுக்கு நாளைக்கு மூணு மணிக்கு."

"அப்பச் சரியாப் போச்சு. ஹால்ல இருக்கிற பன்னெண்டு மெஷினை உங்க வீட்டுல வெச்சுக்க. உன் செங்கல்லு உனக்கு. இல்லேன்னா சிமெண்ட் காயட்டும்."

பன்னிரண்டு இயந்திரங்களும் கிளிஃபோர்டின் முன்னறைக்கு வந்தன.

இருபதாம் எண் வீட்டு பெரில் டன்னிக்ளிஃப் எடுத்தது பத்து, பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுக்க. அவளிடம் ஊர்ப் பெயர் அச்சடித்த கைத்துண்டுகள் அறுநூற்று நாற்பது இருந்தன. எல்லாம் இஸ்திரி போட்டவை, ஒன்றும் நனைந்ததில்லை. நெவில் அவற்றை நின்று பார்த்ததோடு நிற்காமல், "இந்த மூணும் இடம் மாறியிருக்கு," என்று சொல்லிச் சரிசெய்தும் கொடுத்தான். பெரில் கண் கலங்கிவிட்டாள்.

"இவ்வளவு வருஷத்துல ஒருத்தரும் கவனிச்சதில்லப்பா. நீ ஒரு தங்கம்."

ஒன்பது கிடைத்தன. பத்தாவதை எந்தத் தொட்டிக்கு அடியில் வைத்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை. தேடிக் கொடுப்பதாகச் சொன்னாள்.

அந்தப் பத்தாவதுதான் வரிசையில் முதல் செங்கல். தெருக்கோடியில் எப்போதோ இருந்த சூளையுடையது. மூலை உடைந்தது.

இப்போது நிலைமை இது. ஸ்கிப்பை நம்ப முடியாது. கிடைத்த செங்கல் முழுவதையும் உள்ளே கொண்டுவந்தாகிவிட்டது. கூடவே பன்னிரண்டு புல்வெட்டும் இயந்திரங்கள். நேரம் வியாழன் காலை ஒன்பது. நெவில் முன்னறை நடுவில் நின்று யோசித்தான். பிறகு இயந்திரங்களை ஜன்னல் பக்கம் தள்ளி, அவற்றை மறைத்துச் செங்கல்லால் அறைக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினான். வீட்டில் சுவர் இருப்பதை யார் கேட்கப்போகிறார்கள்? தூர வரிசைப்படியே அடுக்கினான். எழுத்தெல்லாம் வெளிப்பக்கம் பார்த்திருந்தது.

"எழுத்தை உள்பக்கமாத் திருப்பி வெச்சா சாதாச் சுவர் மாதிரி இருக்குமே," என்றாள் க்வென்.

"அப்பாவுக்குப் பிடிக்காது."

க்வென் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் கூரையைப் பார்த்தார்.

கீழ் வரிசையின் தொடக்கத்தில் மட்டும் ஓர் ஓட்டை. முதல் செங்கல்லின் இடம். வேறு எதையும் அங்கே வைக்க நெவிலுக்குக் கை வரவில்லை. போகும்போதும் வரும்போதும் அதையே குனிந்து பார்த்தான். அப்பா இதை எப்படித் தாங்குவார்?

சரியாக மூன்று மணிக்கு மிஸ் கார்ஸ்டேர்ஸ் வந்தாள். நாற்பது வயது, தொளதொளத்த ஸ்வெட்டர், மடியில் கோப்பு. டீயை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அழகான சுவர்."

"வீடு கட்டினப்பவே இருக்கு," என்றான் நெவில்.

"பின்னாடி என்ன இருக்கு?"

"புல்வெட்டுற மெஷின்."

அவனுக்குப் பொய் எழுத்தில் வரும், பேச்சில் வராது. அதுவும் நேராகக் கேட்டுவிட்டால் வரவே வராது.

"வீட்டுக்குள்ளயா?"

"நாளைக்குப் போயிடும்."

க்வென் கண்ணை மூடிக்கொண்டாள். மிஸ் கார்ஸ்டேர்ஸ் எதையோ எழுதினாள். சிறிய வாக்கியம் இல்லை, நான்கு வரி. நெவில் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். டில்டாவின் இரண்டு வருடம் அந்த நான்கு வரியில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"மிஸ்டர் ஸ்கோல்ஃபீல்ட், உங்களுக்கு இந்தச் செங்கல்லெல்லாம் ரொம்ப இஷ்டமோ?" என்று அவள் பெரியவரிடம் கேட்டாள்.

"அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்," என்றான் நெவில்.

"வரிசை கலைஞ்சா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?"

"இருக்கும்தான். யாருக்குத்தான் இருக்காது?" என்றான் நெவில்.

"எண்ணிப் பார்ப்பீங்களா?"

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்," என்றான் நெவில்.

மிஸ் கார்ஸ்டேர்ஸ் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது. பெரில்தான். "கெடச்சிருச்சுப்பா, ஜெரேனியப் பூந்தொட்டிக்கு அடியில இருந்துச்சு," என்று மூலை உடைந்த செங்கல்லை அவன் கையில் கொடுத்தாள்.

நெவில் அதை இரண்டு கையாலும் வாங்கினான். கதவைச் சாத்திவிட்டு, அதன் எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவியபடியே நடையில் வந்தான். முன்னறையிலிருந்து மிஸ் கார்ஸ்டேர்ஸின் குரல் கேட்டது.

"மகன் இல்லாதப்ப உங்க வாயாலயே கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. இதை எப்பச் சேர்க்க ஆரம்பிச்சீங்க?"

அறை வாசலுக்கு வெளியே நெவில் நின்றுவிட்டான். அப்பா தொண்டையைச் செருமினார்.

"நானாம்மா? எனக்குச் செங்கல்லைக் கண்டாலே ஆகாது. அவன் ஆறு வயசுல தெருக்கோடியிலேருந்து மூலை உடைஞ்ச ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, இதுக்கு அடுத்தது எங்கேன்னு மூணு நாள் சோறு திங்காம அழுதான், அன்னிலேருந்து கொண்டாந்து போட்டுக்கிட்டே இருக்கேன். எனக்காகத்தான் எண்ணுறதா நெனச்சுக்கிட்டிருக்கான், அவன்கிட்ட சொல்லிடாதீங்கம்மா."