ஆன்ரோடு சாரின் ஆள்காட்டி விரல்

தர்மபுரி மாவட்டத்தில் ஓடும் புதுச் சின்னக் கார்களில் பாதி, ஆன்ரோடு சார் ஏறி உட்கார்ந்து பார்த்து அனுமதி கொடுத்தவை. மீதிப் பாதியை வாங்கியவர்கள் அவரிடம் சொல்லாமல் வாங்கிவிட்டு, அவர் எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறவர்கள்.

அரூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். சொந்த ஊர் இண்டூர். பெற்றவர்கள் வைத்த பெயர் மேசைப் பலகையோடு சரி. யார் எந்த விலையைச் சொன்னாலும், "அது ஷோரூம் விலைங்க. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு எவ்வளவு?" என்பார். காரில் ஆரம்பித்த இந்தக் கேள்வி கல்யாண மண்டபம், பள்ளிக்கூடக் கட்டணம் என்று பரவியது. எங்கள் டைப்பிஸ்ட் பெண்ணுக்கு வரன் கொண்டுவந்த தரகர், "தங்கமான பையன்" என்றபோது, "ஷோரூம்ல அப்படித்தான் சொல்லுவாங்க. ரோட்டுக்கு வந்தா எப்படி?" என்று கேட்டார். தரகர் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

அவரிடம் கார் கிடையாது. ஒரு பழைய மொபெட்தான். "நீங்க ஏன் சார் வாங்கல?" என்று கேட்டால், "நான் வாங்கப் போனா கூட யாரு வருவாங்க?" என்பார்.

என் மனைவி மலர்விழி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒரு மழை நாளில் பைக்கில் அவளை அழைத்து வரும்போது வண்டி சறுக்கி, அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று, "சின்னதா ஒரு கார் வாங்கிரலாங்க. நனையாம, உழாம வூடு வந்து சேந்தா போதும்" என்றாள். மறுநாள் அலுவலகத்தில் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படியோ தெரிந்து, மதியத்துக்குள் ஆன்ரோடு சார் லீவ் சொல்லிவிட்டார், எனக்கும் சேர்த்து.

தர்மபுரி ஷோரூமுக்கு அவர் வேட்டியில் வந்தார். பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டு ஒரு மூட்டை புளியும் வந்தது.

"இது எதுக்குங்க சார்?" என்று கேட்டார் எங்களைக் கவனித்த விற்பனையாளர் தினேஷ்.

"டிக்கியில இத்தன லிட்டர் எடம்னு போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல யாரும் லிட்டர் ஏத்தறதில்ல. மூட்டைதான் ஏத்தறாங்க."

மூட்டை உள்ளே போனது, டிக்கி மூடவில்லை. அவரே மூட்டை மேல் உட்கார்ந்து அமுக்கிய பிறகு மூடியது. அடுத்து, மேடு பள்ளத்தில் அடி தட்டுமா என்று பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். பக்கத்தில் வேறு கார் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம், யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடிப்போய் சோடா வாங்கி வந்தது. அவர் அடியிலிருந்தே கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டு, "பரவால்ல, தட்டாது" என்றார்.

டெஸ்ட் டிரைவ் என்றால் அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவதுதான் ஷோரூம் வழக்கம். இவர் தொப்பூர் கணவாய்க்குப் போகச் சொன்னார். மலர்விழியைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்த தினேஷ், அவள் மணிக்கட்டு முறிந்த கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். "எல்லாரும் முன்னாடி உக்காந்து பாத்துட்டு வாங்கிர்றாங்க. பின்னாடி உக்கார்றவங்கள யாரும் கேக்கறதில்ல."

திரும்பி வரும் ஏற்றத்தில், நான்கு பேரோடும் ஒரு மூட்டைப் புளியோடும் கார் முனகியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

"ஏசிய ஆஃப் பண்ணுங்க தம்பி" என்றார். பண்ணினேன். கார் ஏறிவிட்டது.

அவர் பின்பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த வெலைக்கு இவ்வளவுதான். ஏத்தத்துல ஏசி போட்டா இழுக்காது. வேகமா போனா சத்தம் கேக்கும். கதவ அடிச்சு சாத்தக் கூடாது. இதுக்கு மேல எதிர்பாத்தா நீயும் வருத்தப்படுவ, காரும் வருத்தப்படும்."

"மழ உள்ள வருங்களா சார்?"

"வராது."

"அப்ப போதுங்க."

பணம் கட்டினோம். எங்கள் கார் ஷோரூமுக்கு வந்து இறங்கியதும், பதிவு செய்வதற்கு முன்னால் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் ஆன்ரோடு சார். அன்றே பூசை போட்டுவிடலாம் என்று என் மாமனாரும் மாலை, தேங்காயோடு வந்துவிட்டார். சார் காரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "சுத்தமான வண்டி" என்று தீர்ப்புச் சொன்னார். டீ குடிக்க வெளியே போனார்.

திரும்பி வந்தவர் நேராக இடதுபக்கப் பின்கதவுக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் வருடினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க அடிபட்டிருக்குது. பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிருக்கீங்க."

ஷோரூம் மேனேஜர் சிரித்தார். என் மாமனார், "நல்ல நேரம் போவுதுங்க. கண்ணுக்கே தெரியாத அடிதானுங்களே" என்றார்.

"கண்ணுக்குத் தெரியாததுக்குத்தாங்க வெரல் இருக்குது."

சொல்லிவிட்டுக் காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜருக்குச் சிரிப்புப் போய்விட்டது. "வேண்டாம்னா உடுங்க சார். வேற ஆள் வாங்கிக்குவாங்க."

"வாங்கட்டும். வர்றவங்களுக்கெல்லாம் நான் வெரல் வச்சுக் காட்டறேன்."

எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மலர்விழிதான், "எனக்கு வேற வண்டி குடுங்க. நான் காத்திருக்கறேன்" என்றாள். மேனேஜர் இறங்கி வந்தார். ஆனால் போகும்போது தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். "உள்ளருந்து யாராவது சொன்னீங்களா?"

"யாரும் சொல்லலீங்க" என்றார் ஆன்ரோடு சார். "எனக்குப் பொறப்புலயே வெரல்ல உணர்ச்சி ஜாஸ்தி."

வேறு கார் வந்தது. அதற்குள் விரலின் புகழ் அரூர் முழுக்கப் பரவிவிட்டது. ஸ்கூட்டர், ஃப்ரிட்ஜ், பீரோ என்று எல்லாவற்றையும் அவரிடம் தடவக் கொடுத்தார்கள். ஒருவர் புது வீட்டுச் சுவரையே காட்டினார். அவரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தார்.

பின்னொரு நாள் ஒகேனக்கலில் மீன் வறுவல் கடையில் தினேஷைக் குடும்பத்தோடு பார்த்தோம். அந்த வேலையை விட்டுச் சொந்தமாக ஏதோ செய்கிறாராம்.

"அந்த வண்டி லாரியில இருந்து எறக்கறப்ப இடிச்சதுங்க" என்றார். "அக்கா பட்ட பாட்டக் கேட்டப்புறம் எனக்கு மனசு வரல. டீக்கடையில சார்கிட்ட சொன்னது நாந்தான். சொல்லிட்டு, என் வேலை போயிருங்கன்னேன். 'நீ சொல்லல, நான் பாத்தேன்'னாரு. டீய பாதியில வச்சுட்டு எந்திரிச்சிட்டாரு."

நான் இதை ஆன்ரோடு சாரிடம் கேட்டதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. போன வாரம் அலுவலக வாசலில் ஒருவர் புதுக் காரோடு வந்து நின்றார். சார் கண்ணை மூடிக்கொண்டு கதவை வருட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போய், "என்ன சார் தெரியுது?" என்றேன்.

"பேசாம இருங்க தம்பி. வெரல் கேட்டுக்கிட்டிருக்குது."

நல்ல வெயில். அவர் முடிக்கும் வரை நான் பேசாமல் கூடவே நின்றேன்.