வானத்துல ஏது வண்டி?

"நீ நல்லா கதை சொல்றே" என்று யாராவது பாராட்டினால் பேச்சை மாற்றிவிடுவேன். நான் கதை சொல்லியே ஒரு மனிதரைக் கவிழ்த்திருக்கிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு விமானப் பயிற்சி தொடங்கியது. பீர்மேட்டுப் பக்கம், மலை உச்சியைச் சீவிவிட்டது போல ஒரு சின்ன ஓடுதளம். கற்றுக்கொடுக்க விமானப்படையில் ஓய்வு பெற்றவர்களை வைத்திருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் முதலமடை ஊர்க்காரர். போர்விமானம் ஓட்டியவர். சொந்த மாந்தோப்பில் இருப்புக்கொள்ளாமல், பழைய ஸ்கூட்டர் போலச் சத்தம் போடும் எங்கள் இரண்டு இருக்கை விமானத்துக்காக மலையேறி வந்திருந்தார்.

முதல்முறை பறக்கப்போவதை எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்தேன். அம்மா காலையிலேயே கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்து, "வெறும் வயித்தோட மேல போகாத புள்ள" என்று மூன்று முறை பரிமாறினாள். (நானும் தடுக்கவில்லை. பைலட் ஆகப்போகிறவளுக்குத் தெம்பு வேண்டாமா?)

மேலே ஏறிய ஐந்தாவது நிமிடம் தேயிலைத் தோட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே மீன்குழம்பும் சாய்ந்தது.

"சார், வாந்தி வருது சார்."

"வண்டியா? வானத்துல ஏது கண்ணு வண்டி?"

"இல்ல சார், மயக்கமா இருக்கு."

"பழக்கமா? அதெல்லாம் போகப் போக வந்துரும். இந்தா, இனி நீயே ஓட்டு" என்று கையை எடுத்துவிட்டார்.

என் இரண்டு கைகளும் வாயைப் பொத்தியிருந்தன. சில நொடிகள் அந்த விமானத்தை யாருமே ஓட்டவில்லை. அதன் மூக்கு கீழே குனிந்தது. நான் அவர் மடியிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அதற்குள் குனிந்தேன். அவர் சட்டென்று விமானத்தை நிமிர்த்திவிட்டார். ஆனால் இறங்கும்போது நான் அவர் கைமீதே சரிந்ததில் சக்கரம் புல்லில் பாய்ந்து வளைந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. "இப்பத் தேவலையா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

வளைந்த சக்கரத்துக்காக விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள். என்னைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"உடம்பு சரியில்லைன்னு சார்கிட்ட சொல்லலையா?"

"ரெண்டு தடவை சொன்னேன் சார்" என்றவள், அதை அப்படியே நடித்தும் காட்டினேன். காதில் கை வைத்து, அவர் குரலிலேயே, "வானத்துல ஏது கண்ணு வண்டி?" ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உற்சாகம் வந்து இன்னொரு முறையும் செய்தேன். ஓரத்தில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் சாருக்குக் காது பரிசோதனை. போர்விமானச் சத்தத்தில் கெட்டுப்போன காதை எத்தனை நாளாக மறைத்துவைத்திருந்தாரோ. இனி பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சாமான்களை எடுக்க வந்தவரிடம், துவைத்த தொப்பியை நீட்டினேன். முகர்ந்து பார்த்து, "மத்தி மீனா?" என்று சிரித்தார்.

"மன்னிச்சிருங்க சார்" என்றேன்.

"என்ன கண்ணு?"

சுற்றி நான்கைந்து மாணவர்கள் நின்றார்கள். சத்தமாகச் சொல்லத் துணிவு வரவில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்றேன். ஜீப் கிளம்பிவிட்டது.

வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அத்தான், "அந்த வண்டிக் கதையை எடுத்து விடு" என்பார். விசாரணையை மட்டும் விட்டுவிட்டு நானும் நடிப்பேன். அப்பா இருமல் வரும்வரை சிரிப்பார். போன வருடம் சிரித்து முடித்துவிட்டு, "அந்தச் சாரு இப்ப என்ன செய்யுறாரு புள்ள?" என்று கேட்டார்.

"இன்னும் பறந்துக்கிட்டுத்தான் இருக்காருப்பா" என்றேன்.