ட்ரையல் அண்ணனின் ஆப்பிரிக்கா

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டுக் கிழமை வரிசையில் மாட்டினேன். பயணம் இருந்ததால் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். ஏழு மணிக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பினேன். சாயங்காலம் காப்பிக்குத் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே பாஸ்போர்ட்டைப் பீரோவை விட்டு வெளியே எடுக்காமல் மூன்று முறை ஆப்பிரிக்கா போய்வந்த ஒரே மனிதர் எங்கள் தெரு ட்ரையல் அண்ணன்தான். அன்றைக்கு நான்காவது முறை. அதில் எனக்கும் ஒரு சீட்டு.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு எதிரில் அவருடைய கிரைண்டர் ஷெட் இருக்கிறது. மாவாட்டும் கிரைண்டர்களைச் செய்து விற்கிறார். அரிசியைப் போட்டு ஆட்டிப் பார்க்காமல் ஒரு கிரைண்டரும் அந்த ஷெட்டை விட்டு வெளியே போனதில்லை. முதல் ஈடு கல்தூளோடு சாக்கடைக்குப் போகும். இரண்டாவது ஈடு எங்கள் தெருவுக்கு. ஓடுகிற கிரைண்டரின் விளிம்பில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் ஃபெயில். சிந்தாவிட்டால் கிரைண்டர் நெற்றியில் குங்குமம். எங்கள் தெருவில் மாவுக்கு அரிசி ஊறவைப்பதையே பலரும் மறந்துவிட்டார்கள்.

கிரைண்டரோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு அந்தப் பெயர் வந்திருக்காது. மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் சமையல்காரரை வரவழைத்து, மண்டபத்தில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, மாப்பிள்ளையே இல்லாமல் ஒரு கல்யாணச் சாப்பாடு போட்டார். மொய் எழுதும் மேஜையில்கூட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றதும், "முந்தின நாளே வந்து அந்தக் கட்டில்ல சித்த நேரம் படுத்துப் பாத்துட்டுப் போயர்றேனுங்க" என்று நர்சம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா அவரைத் துரத்திய தூரத்தில் ஆபரேஷனே தேவையில்லாமல் போயிருக்க வேண்டும்.

அவர் ஆப்பிரிக்காவில் போய் விழுந்தது சரசக்காவால். சரசக்கா அவருடைய மனைவி. போன வருஷம் முதுகில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கட்டிலோடு இருந்தார். டிவியில் நாள் முழுக்க மிருகங்கள் ஓடும் சேனல். ஒரு நாள் ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிப்பதைக் காட்டினார்கள். அதற்கு மற்ற மிருகம் மாதிரி சட்டென்று குனிய வராது. முன்னங்கால் இரண்டையும் மெல்ல மெல்ல அகட்டி, நின்று யோசித்து, பிறகுதான் கழுத்தை இறக்குகிறது.

"ஏனுங்க, என்னையாட்டவே குனியுது பாருங்க" என்றார் சரசக்கா. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கீழே விழுந்த கரண்டியை எடுப்பதும் அப்படித்தான். "அத ஒருக்கா நேர்ல பாக்கோணுமுங்க."

முப்பது வருஷத்தில் சரசக்கா அண்ணனிடம் கேட்ட முதல் ஊர் அது. அண்ணன் மறுநாளே ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிட்டார். கென்யா, ஆகஸ்ட் மாதம். ஃபோனில் பேசிய பெண் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், காட்டுக்குள் ரோடு இருக்காது, தினமும் ஐந்தாறு மணி நேரம் ஜீப் குலுங்கும், இடுப்பு முதுகு கோளாறு இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டரிடம் கேட்டார்கள். "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார் அவர். அது போங்கள் என்பதா, வேண்டாம் என்பதா என்று அண்ணனுக்கு விளங்கவில்லை.

"ட்ரையல் பாத்தர்லாம்" என்றார்.

முதல் ட்ரையல் கூடாரம். ஷெட் வாசலில் ஒரு கூடாரத்தை அடித்து இரண்டு பேரும் படுத்தார்கள். காலையில் மாவு வாங்கப் போன நான் விசாரித்தேன்.

"நா நல்லாத் தூங்கினேனுங்க தம்பி" என்றார் சரசக்கா. "தெரு நாய் ஒண்ணு வந்து என்ர காலடியில படுத்துக்கிச்சு. அதுவும் நல்லாத் தூங்கியிருக்கும். இவருதான் சிங்கம் வந்தா குலைக்குமான்னு அத எழுப்பி எழுப்பிக் கேட்டுட்டு இருந்தாரு."

இரண்டாவது ட்ரையல் உடுப்பு. காட்டில் பளிச்சென்ற நிறமோ நீலமோ கருப்போ போடக் கூடாது, ஈ கடிக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அண்ணன் ஷெட் ஆட்களுக்கு எடுக்கும் காக்கித் துணியிலேயே தனக்குப் பேன்ட் சட்டை, சரசக்காவுக்குச் சுடிதார் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வந்தார்கள். வழியில் ஒரு பெரியவர் அண்ணனை மறித்து, ஈரோடு வண்டி எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார். அண்ணன் திகைத்து நிற்க, "அக்கட்டால நிக்குதுங்க, ஏறி உக்காருங்க, இப்ப எடுத்துருவாங்க" என்று சரசக்கா அனுப்பிவைத்தார். வண்டி உண்மையிலேயே அங்கே நின்றதாம். அதனால் அந்த ட்ரையல் பாஸ்.

மூன்றாவது, வாய் மூடியிருக்கும் ட்ரையல். மிருகத்தின் பக்கத்தில் போனால் பேசக் கூடாது என்பது விதி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஈயைவிட இதுதான் கஷ்டம். எதிரில் வருகிறவரிடம் சாப்டீங்களா என்று கேட்காவிட்டால் எங்களுக்குச் சாப்பிட்டது ஜீரணமாகாது. சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் பைனாகுலரோடு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நாரைகளைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் இருந்தோம். அப்போது ஓர் எருமை வந்து நேராக அண்ணனின் பைனாகுலர் முன்னால் நின்றது.

"ஏனுங்க, சித்த அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார் அண்ணன், எருமையிடம்.

எருமை நகர்ந்துகொண்டது. சரசக்கா சிரித்த சிரிப்பில் குளத்து நாரையெல்லாம் எழுந்து உக்கடம் பக்கமாகப் போய்விட்டன. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அண்ணனும் பைனாகுலரை இறக்கிவிட்டு அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவதுதான் ஜீப். அதைப் பொறுத்துத்தான் எல்லாம். அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனிப் பெண் ஃபோன் செய்வாள். போகிறோமா இல்லையா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

உக்கடம் பஷீர் பாய் ஒரு கூரையில்லாத பழைய ஜீப்போடு வந்தார். பழைய ஜீப்புகளை வாங்கி விற்கிறவர் அவர். அந்த ஜீப்பை மட்டும் வாங்க ஆள் வராததால் அவரே வைத்திருக்கிறார். மேட்டுப்பாளையம் போய், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே மண் தடங்களில் ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஏறும் முன் அண்ணன் என்னைத் தனியே இழுத்தார்.

"தம்பி, நீங்க எல்லாத்தையும் ஒழுங்கா கவனிக்கற ஆளு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நீங்க காட்டப் பாக்க வேண்டாம். அக்கா மொகத்தையே பாத்துட்டு வாங்க. வலிச்சாலும் அவ சொல்ல மாட்டா. மொகம் சுண்டுச்சுன்னா எனக்குச் சாடை காட்டிப்போடுங்க. அத்தோட விட்டர்லாம்."

"அப்படி விட்டுட்டா அக்கா என்னங்கண்ணா பண்ணுவாங்க?" என்றேன்.

"டிவியிலயே பாத்துக்குவா" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணனும் சரசக்காவும் பின் சீட்டில். நான் முன் சீட்டில் பின்பக்கம் திரும்பியபடி. அண்ணன் கையில் டம்ளர் நிறையத் தண்ணீர்.

"அது என்னத்துக்குங்கண்ணா?" என்றார் பாய்.

"ஆட்டம் பாக்கறதுக்குங்க."

முதல் பள்ளத்திலேயே டம்ளர் காலி. முழுக்க என் இஸ்திரிச் சட்டையில்.

மேட்டுப்பாளையம் தாண்டி மண் தடத்தில் இறங்கியதும் பஷீர் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. "லெஃப்ட்ல பாருங்க, சிங்கம்" என்றார். செம்மறி ஆடு. "ரைட்ல வரிக்குதிரை." சுண்ணாம்புப் பட்டை அடித்த தென்னை மரம்.

"பாய், ட்ரையல்ல வெளையாட்டு ஆகாதுங்க" என்றார் அண்ணன். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. எனக்கு இடப்பட்ட வேலை சரசக்காவின் முகம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, குலுக்கலோடு குலுக்கலாக எழும்பி இறங்கிக்கொண்டு, மயிலைக் கண்டால் மயிலையும் ஆட்டைக் கண்டால் ஆட்டையும் அதே கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெரிய குழியில் உதட்டைக் கடித்தார். அடுத்த கணமே ஒரு கீரிப்பிள்ளை ஓட, உதட்டை விட்டுவிட்டார். அதைச் சாடை காட்டுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"பாய நிறுத்தச் சொல்லுங்க தம்பி."

அண்ணனின் முகம் ஆட்டிய மாவு நிறத்தில் இருந்தது.

முப்பது வருஷமாகத் தன் வேனைத் தானே ஓட்டுகிறவர் அவர். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தலை சுற்றாது. பின் சீட்டில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் வந்தது அன்றுதான் முதல் தடவை. உலகத்தில் எல்லாவற்றையும் ட்ரையல் பார்த்தவர் இந்த ஒன்றை விட்டுவிட்டார். ஒரு பாக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டதை எல்லாம் அதன் அடியில் வைத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சரசக்கா தண்ணீர் பாட்டிலோடு இறங்கிப் போனார். கால்களை மெல்ல மெல்ல அகட்டினார். நின்று யோசித்தார். பிறகு கழுத்தை இறக்கி, அவர் முகத்தருகே பாட்டிலை நீட்டினார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மணி, டிவியில பாத்தது தோத்துப்போச்சு போ" என்றார்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் டீக்கடையில் நிறுத்தினோம். அண்ணன் எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா மொகம் எப்படிங்க இருந்துச்சு, தம்பி?"

"ஒரே ஒரு குழியில உதட்டக் கடிச்சாங்க. மத்தபடி சிரிச்ச மொகங்க" என்றேன். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என் வழக்கம்.

"ட்ரையல் ஃபெயில் தானுங்க அப்ப. அவ பாஸு. நாந்தான் ஃபெயிலு" என்றார். கிரைண்டரைப் பற்றிச் சொல்கிற அதே குரல். ஆனால் டீயைத் தொடவில்லை.

"அப்ப அக்காவ மட்டும் அனுப்பி வெச்சுருங்க" என்றார் பாய், டீயை ஆற்றியபடி.

"தனியாவா?" என்றார் அண்ணன்.

அந்த நேரத்தில்தான் கம்பெனிப் பெண்ணின் ஃபோன் வந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். சரசக்கா கையை நீட்டி வாங்கினார்.

"அம்மணி, நாங்க ரெண்டு பேரும் வாரோமுங்க. எடம் போட்டு வெச்சுருங்க. ஒண்ணு மட்டும். எங்க ஊட்டுக்காரருக்கு முன் சீட்டா பாத்துக் குடுங்க. டிரைவருக்குப் பக்கத்துல." வைத்துவிட்டார்.

அண்ணன் பதறிவிட்டார். "ஃபெயில் ஆனத எப்படி அம்மணி வெளிய அனுப்பறது?"

"ஃபெயிலான கிரைண்டர என்னுங்க பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுருவீங்களா?"

"அதெப்படிப் போடறது. பிரிச்சுச் சரி பண்ணி, மறுநா மறுக்கா அரிசி போட்டு ஓட்டுவேன்."

"எத்தன நாளைக்கு?"

"ஓடற வரைக்கும்."

"ஆகஸ்டு வர நாள் கெடக்குதுங்க" என்றார் சரசக்கா. பிறகு குரலை இறக்கினார். "எனக்கு வலியே இல்லீன்னு நா சொல்லலீங்க. ஊட்ல சும்மா உக்காந்திருந்தாலும் அது இருக்குது. அங்க வந்தா, அதுவும் ஒட்டகச்சிவிங்கியப் பாத்துட்டு இருக்கும். அவ்வளவுதானுங்க."

அண்ணன் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"பாய், நாளைக்கு ஜீப்பு சும்மா இருக்குமுங்களா?"

"அது எப்பவும் சும்மாதாங்கண்ணா இருக்கு."

"தம்பி, நீங்க? இந்த தடவ என்ர மொகத்தப் பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்."

"திங்கக்கெழமைங்கண்ணா. ஆபீஸ் இருக்குது. பாக்கலாங்க" என்றேன். எங்கள் ஊரில் பாக்கலாங்க என்றால் வரவில்லை என்று அர்த்தம். அண்ணனுக்கும் அது தெரியும். "ஆமாங்க, பாக்கலாம்" என்று தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார், முன் சீட்டில். நான் பின்னால் சரசக்காவோடு வந்தேன். சிங்காநல்லூர் வரும்வரை அண்ணனுக்குத் தலை சுற்றவில்லை.

மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மேனேஜருக்கு ஃபோன் போட்டு லீவு சொன்னேன். முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் நான் லீவு எடுப்பது வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. உடம்புக்கு என்ன என்று பதறிக்கொண்டு கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க அண்ணன் ஒருத்தரு ஆப்பிரிக்கா போறாரு. கூடப் போயிட்டு சாயங்காலம் வந்தர்றேன்" என்றேன்.